தொழிலகக் கூரைச் சூரிய மின்னாக்கம்

தொழிலகக் கூரைச் சூரிய மின்னாக்கம் என்பது ஆலைகள், கிடங்குகள், குளிர்பதன நிலையங்கள், அலுவலகங்கள் முதலியவற்றின் கூரைகளில் ஒளிமின் தகடுகளைப் பொருத்தி, சூரிய ஒளியிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் முறை ஆகும். இவ்வாறு பெறப்படும் மின்சாரம் முதலில் அந்த நிறுவனத்தின் சொந்தப் பயன்பாட்டுக்குச் செல்கிறது. எஞ்சுவது பொது மின்கட்டமைப்புக்கு அனுப்பப்படுகிறது. இதற்கெனத் தனி நிலம் தேவைப்படுவதில்லை. மின்சாரம் பயன்படும் இடத்திலேயே உருவாவதால் நீண்ட கம்பிகளில் ஏற்படும் இழப்பும் குறைகிறது.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் இம்முறைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். கடற்கரையிலிருந்து தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் இதே தொழில்நுட்பம் வேறு வகையான சூழலை எதிர்கொள்கிறது. இவ்விரு இடங்களையும் ஒப்பிடுவதன் மூலம் கூரை மின்னாக்கத்தின் இயல்பையும் எல்லைகளையும் அறியலாம்.

செயற்படும் முறை

ஒளிபட்டால் மின்னழுத்தம் தோன்றும் விளைவைப் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல் 1839-இல் கண்டறிந்தார். நடைமுறைக்கு உகந்த முதல் சிலிக்கன் மின்கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. இன்று கூரைகளில் காணப்படும் தகடுகளில் பெரும்பாலானவை சிலிக்கன் தகடுகளே. இவை தம்மீது விழும் ஒளியாற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மின்னாற்றலாக மாற்றுகின்றன.

ஒரு கூரை நிலையத்தின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

• ஒளிமின் தகடுகள். இவை நேர்மின்னோட்டத்தைத் தருகின்றன.
• இன்வெர்ட்டர். இது நேர்மின்னோட்டத்தை ஆலை இயந்திரங்களுக்கு ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுகிறது.
• தாங்குசட்டம். இது தகடுகளைக் கூரையோடு இணைத்துக் காற்றின் விசையைத் தாங்குகிறது.
• இருவழி மீட்டர். இது கட்டமைப்பிலிருந்து பெற்ற மின்சாரத்தையும் கட்டமைப்புக்குக் கொடுத்த மின்சாரத்தையும் தனித்தனியே பதிவு செய்கிறது.
• நில இணைப்பு, இடிதாங்கி, துண்டிப்பான் முதலிய காப்புக் கருவிகள்.

கட்டமைப்புடன் இணைக்கப்பட்ட நிலையங்களில் பெரும்பாலும் மின்கலத் தொகுதி இருப்பதில்லை. எனவே ஊர் மின்சாரம் நின்றால், நல்ல வெயில் இருந்தாலும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இது பழுது அன்று. மின்தடையின்போது கம்பங்களில் பணிபுரியும் ஊழியர்களின் உயிர்க்காப்புக்காக வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஏற்பாடு ஆகும். மின்தடையின்போதும் சூரிய மின்சாரம் வேண்டுமெனில் மின்கலத் தொகுதியோ, டீசல் மின்னாக்கியுடன் ஒத்திசைந்து இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ தேவை. இதனை அறியாமல் நிலையம் அமைப்போர் முதல் மின்தடையிலேயே ஏமாற்றம் அடைவது உண்டு.

விளைச்சல்

நிழலற்ற கூரையில் ஒரு கிலோவாட் நிலையத்துக்கு, தகடுகளுக்கிடையே நடைவழியும் சேர்த்து, ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் ஒதுக்குவது வழக்கம். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் நிலையம் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில் மின்சாரம் தரும். இக்கணக்கின்படி 1,000 சதுர மீட்டர் கூரையில் 100 கிலோவாட் நிலையம் அமைத்து நாளொன்றுக்கு 400 யூனிட் பெறலாம்.

வெயில் மிகுந்தால் மின்சாரமும் அதே அளவில் மிகும் என்ற கருத்து முழுமையாகச் சரியன்று. ஒளி தகட்டின் விளைச்சலைக் கூட்டுகிறது, வெப்பமோ குறைக்கிறது. தகடுகளின் திறன் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் உயரும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறைகிறது. கோடையில் தகரக் கூரைமீது தகட்டின் வெப்பநிலை 60 பாகையை எட்டினால் இழப்பு 10 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இதனால்தான் கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி விடப்படுகிறது.

தென் தமிழ்நாடு நிலநடுக்கோட்டிலிருந்து 8 முதல் 10 பாகை வடக்கில் உள்ளது. ஆகவே தகடுகள் தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்வில் வைக்கப்படுகின்றன. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகத்து இறுதி வரை நண்பகல் கதிரவன் இப்பகுதிக்கு வடக்கே நிற்கிறது. எனவே வடக்கு நோக்கிச் சரிந்த கூரையிலும் சாய்வு குறைவாக இருந்தால் பெரிய இழப்பு நேர்வதில்லை. வட இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இந்த வசதி இல்லை.

தூத்துக்குடித் துறைமுகப் பகுதி

தூத்துக்குடித் துறைமுகம் 1974 சூலை 11 அன்று இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. துறைமுகத்தைச் சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், உர ஆலை, வேதிப்பொருள் ஆலை, சரக்குப் பெட்டக நிலையங்கள், கிடங்குகள், சிப்காட் தொழிற்பேட்டை, பரந்த உப்பளங்கள் ஆகியன அமைந்துள்ளன. நிலக்கரி இத்துறைமுகத்தின் முதன்மையான இறக்குமதிச் சரக்குகளுள் ஒன்று. நிலக்கரி வந்திறங்கும் இடத்திலேயே சூரிய மின்னாக்கமும் வளர்ந்து வருவது இப்பகுதியின் தனித்தன்மை எனலாம்.

துறைமுகம் முதலில் தனது கட்டடக் கூரைகளில் 500 கிலோவாட் நிலையத்தை அமைத்தது. 2021 பெப்ரவரியில் மேலும் 140 கிலோவாட் கூரை நிலையத்தின் பணிகள் நடந்து வந்தன. அதே மாதம் 5 மெகாவாட் தரைநிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இதன் மதிப்பீடு ஏறத்தாழ 20 கோடி ரூபாய். ஆண்டுக்கு 80 இலட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைக்கும் எனவும், துறைமுகத்தின் மின்தேவையில் பாதிக்கு மேல் இதனால் நிறைவேறும் எனவும் அப்போது அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் 400 கிலோவாட் கூரை நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இதனுடன் துறைமுகத்தின் மொத்தக் கூரை மின்திறன் 1.04 மெகாவாட் ஆனது.

இவ்வெண்களிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. பல ஆண்டுகளில் பல கட்டடங்களின் மீது அமைக்கப்பட்ட கூரை நிலையங்களின் கூட்டுத்திறன், ஒரே தரைநிலையத்தின் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. கூரை நிலத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் கூரையின் பரப்புக்கு எல்லை உண்டு. இந்த எல்லையைக் கடக்கப் பெரிய கிடங்குகள் உதவுகின்றன. சிங்கப்பூரின் சூரோங் துறைமுகம் தனது கிடங்குக் கூரைகளில் 2016-இல் ஏறத்தாழ 10 மெகாவாட் திறனுள்ள நிலையத்தை அமைத்தது. தூத்துக்குடியின் உர ஆலையோ 2022-இல் தனது நீர்த்தேக்கத்தின் மீது மிதக்கும் சூரிய நிலையத்தை அமைத்து, கூரையும் நிலமும் அல்லாத மூன்றாவது வழியைக் காட்டியது.

கடலோரச் சிக்கல்கள்

கடற்காற்றில் உள்ள உப்பு உலோகங்களை அரிக்கிறது. ஆகவே துறைமுகப் பகுதிகளில் துத்தநாகப் பூச்சிட்ட எஃகு அல்லது காப்புப்படலம் ஏற்றிய அலுமினியச் சட்டங்களும், துருப்பிடிக்காத எஃகு மரையாணிகளும் பயன்படுத்தப்படுகின்றன. இருவேறு உலோகங்கள் நேரடியாகத் தொடும் இடங்களில் அரிப்பு விரைவாக நிகழும் என்பதால் இடையே காப்புப்பட்டை வைக்கப்படுகிறது. உப்புப் பனியைத் தாங்கும் திறனுக்காகத் தகடுகளைச் சோதிக்கத் தனிப் பன்னாட்டுத் தரம் உண்டு. நிலக்கரித் தூசும் உப்பளத் தூசும் தகடுகளில் படிவதால் அவற்றை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவும் நீர் உப்பு நீராக இருத்தல் கூடாது. நன்னீர் அரிதான இப்பகுதியில் இது கருத வேண்டிய செலவு ஆகும்.

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. கூரைமேல் உள்ள தகடுகளை வெள்ளம் தொடாது. ஆனால் தரைத்தளத்தில் வைக்கப்படும் இன்வெர்ட்டர், மின்பலகை ஆகியவை நீரில் மூழ்கினால் நிலையம் முழுவதும் முடங்கும். எனவே தாழ்வான பகுதிகளில் இவற்றை உயரத்தில் அமைப்பது இன்றியமையாதது.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் மேற்கிலும் தெற்கிலும் மலைகள் சூழ, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்கள் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளன. தேவாரம், உத்தமபாளையம் வட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள பேரூராட்சி ஆகும். இப்பகுதி தென்மேற்குப் பருவமழையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் கேரளப் பக்கத்தை விட இங்கு மழை குறைவு.

மின்னாக்கம் இப்பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. முல்லைப்பெரியாறு நீரைக் கொண்டு லோயர் கேம்ப்பில் நீர்மின் நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. கம்பம் கணவாய் வழியே வீசும் காற்றைப் பயன்படுத்தி ஆண்டிபட்டி, கண்டமனூர் சுற்றுப்புறங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. கூரைச் சூரிய மின்னாக்கம் இவற்றுக்குப் பின் வந்தது.

மலையடிவார ஊர்களில் மேற்கே மலை உயர்ந்து நிற்பதால், மாலைக் கதிரவன் சமவெளியை விட முன்னரே மறைகிறது. எனவே இங்கு ஒரு நிலையத்தைத் திட்டமிடும்போது ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் மலைநிழல் எப்போது விழுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தென்னை மர நிழலும் அவ்வாறே. தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால், ஒரு தகட்டின் மீது விழும் சிறு நிழல் முழு வரிசையின் விளைச்சலையும் குறைக்கக்கூடும். மறுபுறம் உப்புக்காற்றின் தொல்லை இங்கு இல்லை.

காற்றும் கதிரவனும் இங்கு ஒன்றையொன்று ஈடு செய்கின்றன. காற்றாலைகளின் விளைச்சல் மே முதல் செப்டம்பர் வரை மிகுதி. சூரிய நிலையங்களின் விளைச்சல் வானம் தெளிந்த பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மிகுதி.

கூரையும் தேவையும்

கூரை மின்னாக்கத்தால் யார் பயனடைவர் என்பதைக் கூரையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. கூரையின் பரப்பும் மின்தேவையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. பின்வருவன விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஆகும்.

நூற்பாலை: தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் நூற்பாலைகள் பல உள்ளன. நூற்பாலை இரவும் பகலும் இயங்குவது. சராசரியாக 500 கிலோவாட் மின்சுமை உள்ள ஆலை நாளொன்றுக்கு 12,000 யூனிட் செலவிடும். அதன் கூரையில் 100 கிலோவாட் நிலையம் அமைத்தால் 400 யூனிட் கிடைக்கும். இது தேவையில் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கிடைப்பது முழுவதும் உடனுக்குடன் செலவாகிவிடுவதால் வீண் இல்லை. ஆயினும் ஆலையைக் கூரை மட்டும் நடத்திவிட முடியாது. தமிழ்நாட்டின் ஆலைகள் பல 1990-கள் முதலே தொலைவிலுள்ள காற்றாலைகளில் முதலீடு செய்ததன் காரணத்தை இக்கணக்கிலிருந்து உணரலாம்.

கிடங்கு: போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்றது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு உள்ளது. ஏலக்காய்க் கிடங்கு போன்ற கட்டடத்துக்குக் கூரை பெரிது; மின்தேவை சிறிது. இதே அளவு கூரையிலிருந்து வரும் 400 யூனிட்டில் பெரும்பகுதி வெளியே அனுப்பப்பட வேண்டியதாகும். அதற்குக் கிடைக்கும் விலையைப் பொறுத்தே ஆதாயம் அமையும்.

குளிர்பதன நிலையம்: கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்குப் புகழ்பெற்றது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பழங்களைக் காக்கும் குளிர்பதனக் கிடங்கில், வெயில் ஏற ஏறக் குளிரூட்டும் சுமையும் ஏறுகிறது. தகடுகளின் விளைச்சலும் அதே வேளையில் ஏறுகிறது. தேவையும் விளைச்சலும் ஒத்துச் செல்வதால் இத்தகைய நிறுவனங்களுக்குக் கூரை மின்னாக்கம் மிகவும் பொருந்துகிறது.

கொள்கைகளும் விதிகளும்

இந்திய அரசு 2010-இல் சவகர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தைத் தொடங்கியது. 2015-இல் இதன் இலக்கு 100 கிகாவாட்டாக உயர்த்தப்பட்டது. அதில் 40 கிகாவாட் கூரைகளிலிருந்து 2022-க்குள் பெறப்பட வேண்டும் என வகுக்கப்பட்டது. கூரைக்கான இலக்கு அக்காலத்துக்குள் எட்டப்படவில்லை.

தமிழ்நாடு அரசு 2012 அக்டோபரில் தனது சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. பெரிய மின்நுகர்வோர் தமது பயன்பாட்டில் ஒரு பங்கைச் சூரிய ஆற்றலிலிருந்து பெற வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இருந்தது. இக்கட்டாயத்தை நடைமுறைப்படுத்திய ஆணையை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் நீக்கியது. 2019 பெப்ரவரியில் வெளியிடப்பட்ட புதிய கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட் என்ற இலக்கை வகுத்தது. அதில் 40 விழுக்காடு நுகர்வோரின் சொந்த நிலையங்களிலிருந்து கிடைக்க வேண்டும் எனக் குறிக்கப்பட்டது.

கணக்கிடும் முறைகள் இரண்டு முதன்மையானவை:

• நிகர அளவீடு: கொடுத்த யூனிட், பெற்ற யூனிட்டிலிருந்து கழிக்கப்படும். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே.
• நிகர ஊட்டல்: பெற்ற யூனிட்டுக்கு வழக்கமான கட்டணம், கொடுத்த யூனிட்டுக்கு ஆணையம் வரையறுத்த குறைந்த விலை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, வீடுகளுக்கு நிகர அளவீடும், தொழிலகங்களுக்கு நிகர ஊட்டலும் வழங்கப்பட்டன. அத்துடன் கட்டமைப்பைப் பயன்படுத்துவதற்கான கட்டணமும் விதிக்கப்பட்டது. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டுமே உரியது. தொழிலகங்களுக்கு வருமான வரியில் 40 விழுக்காடு விரைவுத் தேய்மானச் சலுகை உண்டு. சூரிய மின்கருவிகளுக்கான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

கட்டமைப்புக் கட்டணச் சர்ச்சை

கட்டமைப்புக் கட்டணம், வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு மட்டுமன்றி நிலையம் உருவாக்கும் மொத்த மின்சாரத்துக்கும் கணக்கிடப்பட்டது. தமது கூரையில் உருவாகித் தமது இயந்திரத்திலேயே செலவாகும் மின்சாரம் பொதுக் கம்பியைத் தொடுவதே இல்லை; அதற்குக் கட்டணம் ஏன் என்பது சிறு, குறு தொழில் முனைவோரின் வாதம்.

மின்வாரியத் தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. மேகம் மறைத்தாலும் இரவு வந்தாலும் அந்த ஆலை உடனே பொதுக் கட்டமைப்பையே நாடுகிறது. அதற்காகக் கம்பிகளும் மின்மாற்றிகளும் மின்நிலையங்களும் எப்போதும் அணியமாக வைக்கப்பட வேண்டும். அச்செலவை ஆலை ஏற்காவிட்டால், கூரை இல்லாத பிற நுகர்வோர் மீது அது விழும்.

தொழில் அமைப்புகளின் போராட்டங்களைத் தொடர்ந்து, சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இக்கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது.

இக்கட்டணத்தின் தாக்கத்தைக் கீழ்க்காணும் கணக்கு காட்டும். இதிலுள்ள விலைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. 100 கிலோவாட் நிலையத்தின் முதலீடு 40 இலட்சம் ரூபாய், ஆண்டு விளைச்சல் 1,46,000 யூனிட், வாங்கும் மின்சாரத்தின் விலை 7 ரூபாய், கொடுக்கும் மின்சாரத்தின் விலை 3 ரூபாய், கட்டமைப்புக் கட்டணம் 1 ரூபாய் எனக் கொள்வோம்.

• முழுவதும் சொந்தப் பயன்பாடு, கட்டணம் இல்லை: ஆண்டு மிச்சம் 10.22 இலட்சம். முதலீடு ஏறத்தாழ 4 ஆண்டுகளில் மீளும்.
• முழுவதும் சொந்தப் பயன்பாடு, கட்டணம் உண்டு: ஆண்டு மிச்சம் 8.76 இலட்சம். ஏறத்தாழ 4.6 ஆண்டுகள்.
• பாதி வெளியே அனுப்பப்படுகிறது, கட்டணம் உண்டு: ஆண்டு மிச்சம் 5.84 இலட்சம். ஏறத்தாழ 7 ஆண்டுகள்.

தகடுகளின் வாழ்நாள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஆகவே மூன்று நிலைகளிலும் இறுதியில் ஆதாயம் உண்டு. ஆனால் வங்கிக் கடனில் இயங்கும் சிறு தொழிலகத்துக்கு 4 ஆண்டும் 7 ஆண்டும் ஒன்றல்ல. இடையில் 10 முதல் 12 ஆண்டுகளில் இன்வெர்ட்டரை மாற்றும் செலவும் வரும்.

முதலீட்டு முறைகள்

நிறுவனமே முழுத்தொகையைச் செலவிட்டு நிலையத்தை உடைமையாக்கிக் கொள்வது ஒரு முறை. மற்றொன்றில், வேறொரு நிறுவனம் முதலீடு செய்து நிலையத்தை அமைத்துப் பராமரிக்கும். கூரைக்கு உரியவர் பயன்படுத்தும் யூனிட்டுக்கு மட்டும் ஒப்பந்த விலை தருவார். இரண்டாம் முறையில் தொடக்கச் செலவு இல்லை. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் 15 முதல் 25 ஆண்டுகள் நீடிக்கும். வாடகைக் கட்டடத்தில் இயங்கும் தொழிலகங்களுக்கு இது இடர்ப்பாடு தரும். கட்டடம் கைமாறினால் நிலையத்தின் நிலை என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

கூரையின் உறுதி

தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோகிராம் எடை கூடும். காற்றின் தூக்குவிசை இதைவிடப் பன்மடங்கு இருக்கலாம். கற்காரைக் கூரைகள் இதனை எளிதில் தாங்கும். தகரக் கூரைகளில் சட்டங்கள் அடியிலுள்ள உத்திரங்களோடு பிணைக்கப்பட வேண்டும். கல்நார்க் கூரைகள் உடையக்கூடியவை. அவற்றின் மீது நடப்பதே ஆபத்தானது. அவற்றை மாற்றிய பின்னரே நிலையம் அமைப்பது முறையாகும்.

பகலில் ஒளி படும்வரை தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்புகளில் தோன்றும் மின்பொறி தீ விபத்துக்குக் காரணமாகலாம். பஞ்சு, நூல் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருட்கள் உள்ள கட்டடங்களில் இணைப்புகளைக் காலமுறைப்படி சோதிப்பது கட்டாயத் தேவை ஆகும்.

கட்டமைப்பின் மீதான விளைவு

கூரை நிலையங்கள் பெருகும்போது புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. நண்பகலில் மின்சாரம் மிகுகிறது. மாலையில் திடீரெனக் குறைகிறது. தமிழ்நாட்டில் உயர் மின்னழுத்தத் தொழில் நுகர்வோர் காலை, மாலை உச்ச நேரங்களில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் செலுத்துகின்றனர். மாலை உச்ச நேரம் கதிரவன் மறைந்த பின் வருவதால், கூரை நிலையம் அச்சுமையைக் குறைப்பதில்லை.

இலங்கையில் 2016-இல் தொடங்கிய கூரைச் சூரிய மின்னாக்கத் திட்டம் விரைவாக வளர்ந்தது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது தொழிலகங்கள் மூடப்பட்டு மின்தேவை குறைந்தபோது, கூரை நிலையங்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. மின்சாரத்தை உருவாக்குவது மட்டும் போதாது. உருவாகும் வேளையில் அதற்குத் தேவையும், இல்லையெனில் சேமிக்கும் வழியும் இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதற்குத் தீர்வாக மின்கலச் சேமிப்பு, பகல் நேரத்துக்கு மாற்றத்தக்க பணிகளைப் பகலிலேயே செய்தல் ஆகியன முன்வைக்கப்படுகின்றன. நீரேற்றுதல், பனிக்கட்டி உருவாக்குதல், கிடங்கை முன்கூட்டியே குளிர்வித்தல் முதலியன இவ்வகைப் பணிகள் ஆகும். தூத்துக்குடியின் மீன் பதனிடும் நிலையமாயினும், கம்பத்தின் பழக்கிடங்காயினும், பகலில் உருவாக்கிய குளிரை மாலைக்குச் சேமித்து வைப்பது மின்கலம் இன்றியே மின்சாரத்தைச் சேமிப்பதற்கு ஒப்பாகும்.